கிளை அனுமதி விதிகளை எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மென்பொருள் குழுக்களில் ரெப்போ நிர்வாகத்தைக் கையில் வைத்திருக்கும் குழுத் தலைவர்களுக்கும் சர்வர் பொறுப்பாளர்களுக்கும்,

கிட்டில் ஒரு கிளை என்பது நாற்பது எழுத்துகள் கொண்ட ஒரே ஒரு வரி. ரெப்போவுக்குள் ரெஃப்ஸ்/ஹெட்ஸ் என்ற கோப்புறையில் கிளையின் பெயரிலேயே ஒரு சிறு கோப்பு இருக்கும். அதைத் திறந்தால், அந்தக் கிளையின் கடைசிக் கமிட்டைக் குறிக்கும் எஸ்.எச்.ஏ.-1 எண் மட்டுமே தெரியும். வரி முடிவுக் குறியையும் சேர்த்தால் 41 பைட். நிரலும் அங்கே இல்லை, வரலாறும் அங்கே இல்லை. கமிட்டுகளும் கோப்புகளும் ஆப்ஜெக்டுகளாக வேறொரு கோப்புறையில், எல்லாக் கிளைகளுக்கும் பொதுவாக, ஒரே குவியலாகக் கிடக்கின்றன. கிளை அளவிலான அனுமதி என்ற பெயரில் எந்த மென்பொருள் எதைத் தந்தாலும், இந்த 41 பைட்டை யார் மாற்றலாம், எப்படி மாற்றலாம் என்பதற்கான விதிதான் அது. அனுமதி விஷயத்தில் நேரும் குழப்பங்களில் பாதி, இதை மறப்பதால் வருபவை.

கிட்டுக்குள் பயனர் என்ற கருத்தே கிடையாது. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில், அதுவரை பயன்படுத்திய பிட்கீப்பரின் இலவச உரிமம் கைவிட்டுப் போன சூழலில், லினக்ஸ் கெர்னலுக்காகக் கிட்டை எழுதினார். கெர்னல் வேலைமுறையில் அவருடைய ரெப்போவுக்குள் மற்றவர்கள் புஷ் செய்வதில்லை. துணைப் பொறுப்பாளர்கள் தத்தம் ரெப்போவில் வைத்திருப்பதை அவர் பார்த்து இழுத்துக்கொள்கிறார். ஆளுக்கொரு ரெப்போ இருக்கும் இடத்தில் கிளைக்கு அனுமதி தேவைப்படவில்லை. அலுவலகங்களில் நடப்பது வேறு. இருபது பேர் ஒரே ரெப்போவில் நேரடியாக எழுதுகிறார்கள். அவர்களில் ஒருவர் நேற்றுச் சேர்ந்தவர். ரிலீஸ் கிளையும் அங்கேதான் இருக்கிறது. இந்தப் பழக்கத்துக்காகத்தான் கிட்டைச் சுற்றி வெளியிலிருந்து அனுமதி அடுக்குகள் கட்டப்பட்டன.

பயனர் இல்லை என்பதால் பிறக்கும் முதல் மயக்கம், கமிட்டில் தெரியும் பெயரை நம்புவது. அந்தப் பெயரும் மின்னஞ்சலும் கமிட் செய்பவரின் கணினியில் உள்ள அமைப்பில் எழுதப்பட்ட வெறும் சொற்கள். யார் வேண்டுமானாலும் யார் பெயரையும் போடலாம். 2021 மார்ச் 28 அன்று பிஎச்பி மொழியின் மூல ரெப்போவில் மொழியை உருவாக்கிய ராஸ்மஸ் லெர்டார்ஃப், அதன் முக்கிய டெவலப்பர் நிகிதா போபோவ் ஆகியோரின் பெயர்களில் இரண்டு கமிட்டுகள் வந்தன. எழுத்துப்பிழைத் திருத்தம் என்று தலைப்பிட்டு, உள்ளே பின்வாசல் நிரல். இருவரும் அதைச் செய்யவில்லை. சில மணி நேரத்தில் கண்டுபிடித்து நீக்கிவிட்டார்கள். அனுமதி விதி பார்க்க வேண்டியது கமிட்டில் உள்ள பெயரை அல்ல, சர்வருக்குள் நுழைந்த கணக்கை. கமிட்டில் கையொப்பம் கட்டாயம் என்று வைத்தால் அந்த இடைவெளி ஓரளவு மூடும். ஆனால் கையொப்பச் சாவிகளைப் பராமரிக்கும் ஒழுக்கம் குழுவில் இல்லையென்றால் அது பெயருக்குத்தான் இருக்கும்.

அடுத்தது வாசிப்பு. இந்தக் கிளையை அந்தக் குழு பார்க்கக் கூடாது என்ற கோரிக்கை ஏறக்குறைய எல்லா நிறுவனங்களிலும் என்றாவது நிர்வாகியின் மேசைக்கு வந்துவிடும். ஒரு வாடிக்கையாளருக்கு மட்டுமான வேலை, இன்னும் அறிவிக்காத வசதி, வெளியிடப்படாத பாதுகாப்புத் திருத்தம் என்று காரணம் ஏதாவது இருக்கும். வழக்கமான கிட் சர்வரில் இதற்கு நேர்மையான பதில், முடியாது என்பதுதான். குளோன் செய்ய அனுமதி உள்ளவருக்கு முழு ரெப்போவும் போகும்.

கிளைப் பெயரை மறைக்கும் வசதி கிட்டில் இருக்கிறது. டிரான்ஸ்ஃபர்.ஹைட்ரெஃப்ஸ் என்ற அமைப்பில் குறிப்பிட்ட ரெஃப்களைச் சேர்த்தால், சர்வர் அவற்றை வெளியே அறிவிக்காது. ஆனால் பெயர்ப் பலகையைக் கழற்றிவிட்டால் கடை மூடிவிட்டதாக ஆகாது. கிட்டின் சொந்த ஆவணமே, நேம்ஸ்பேஸ் பற்றிய பகுதியில், இந்த மறைப்பு எப்படி உடையும் என்று விளக்கி எச்சரிக்கிறது. புஷ் செய்யும் அனுமதி உள்ள ஒருவருக்கு, மறைத்துவைத்த கிளையில் உள்ள ஒரு கமிட்டின் எண் தெரிந்திருக்கிறது என்று கொள்ளலாம். பில்டு லாக்கிலோ டிக்கெட்டிலோ அது கண்ணில் பட்டிருக்கும். அவர் தனக்கு உரிமையுள்ள இடத்தில் புதிய கிளை ஒன்றை உருவாக்கி, அது அந்த எண்ணைச் சுட்டுவதாக அனுப்புகிறார். உள்ளடக்கத்தை அனுப்பத் தேவையில்லை. அந்த ஆப்ஜெக்ட் சர்வரிடம் ஏற்கெனவே இருக்கிறது, பொதுக் குவியலில். சர்வர் ஏற்றுக்கொள்கிறது. பிறகு தன் கிளையை அவர் சாதாரணமாக ஃபெட்ச் செய்தால், மறைத்துவைத்த கமிட்டின் உள்ளடக்கம் முழுதாக அவர் கைக்கு வந்துவிடும்.

இதைவிட நுட்பமான இன்னொரு வழியும் அதே ஆவணத்தில் உண்டு. கிட் கோப்புகளை அனுப்பும்போது, பெறுபவரிடம் இருப்பதாகச் சொல்லும் ஆப்ஜெக்டோடு ஒப்பிட்டு வித்தியாசத்தை மட்டும் அனுப்பி அளவைக் குறைக்கும். தன்னிடம் இல்லாத ரகசியக் கோப்பு இருப்பதாகவும், இருக்கும் கோப்பு இல்லை என்பதாகவும் ஒருவர் பொய் சொன்னால், ரகசியக் கோப்பை அடிப்படையாக வைத்துக் கணக்கிட்ட வித்தியாசம் அவருக்கு வரும். அதிலிருந்து ரகசியக் கோப்பின் எந்தெந்தப் பகுதிகள் தன்னிடம் உள்ளதோடு ஒத்திருக்கின்றன என்று அறியலாம். எல்லோரும் இதைச் செய்துவிடுவார்கள் என்பதில்லை. ஆனால் கிட்டின் பரிமாற்ற முறை ஒரே ரெப்போவுக்குள் ரகசியம் காக்க வடிவமைக்கப்பட்டதல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. ஆவணம் தரும் அறிவுரையும் அதுவே: பகிரக் கூடாததைத் தனி ரெப்போவில் வைக்க வேண்டும்.

விதிவிலக்கு ஜெரிட். ஆண்ட்ராய்டு போன்ற பெரிய திட்டங்களில் பயன்படும் இந்த ரிவியூ சர்வர், கிட்டின் சி மொழி நிரலைக் கொண்டு கோரிக்கைகளைக் கையாளாமல் ஜாவாவில் எழுதிய ஜேகிட்டைப் பயன்படுத்துகிறது. யாருக்கு எந்த ரெஃப் தெரியலாம் என்று தானே சோதிக்கிறது. அதனால் கிளை அளவில் வாசிப்பு உரிமையை வைக்க முடிகிறது. அங்கும் ரகசியக் கிளையிலிருந்து ஒரு கமிட்டை யாராவது பொதுக் கிளைக்கு மெர்ஜ் செய்துவிட்டால், அதன் முன்னோர் கமிட்டுகள் எல்லாம் பொதுவாகிவிடும். ஜெரிட்டைப் பயன்படுத்தாத குழுக்களுக்கு இந்த வசதி கிடையாது. கிட்ஹப்பிலோ கிட்லேபிலோ ஒரு கிளையைப் பாதுகாக்கப்பட்டது என்று குறித்தால், அது எழுதுவதைத்தான் கட்டுப்படுத்தும். ரெப்போவைப் பார்க்க முடிந்த எல்லோருக்கும் அந்தக் கிளையும் தெரியும்.

சப்வெர்ஷனிலிருந்து மாறிவந்த குழுக்களுக்கு இது ஏமாற்றமாக இருப்பது இயல்பு. 2004இல் 1.0 பதிப்பு வெளிவந்த சப்வெர்ஷனில் கிளை என்பதே ஒரு கோப்புறை. ட்ரங்க், பிராஞ்சஸ், டேக்ஸ் என்று மூன்று பெரிய கோப்புறைகள். பிராஞ்சஸுக்குள் ஒவ்வொரு கிளையும் ஒரு நகல். ஆத்ஸ் கோப்பில் பாதையைத் தலைப்பாகப் போட்டு, அதன் கீழ் யாருக்கு வாசிப்பு, யாருக்கு எழுத்து, யாருக்கு எதுவும் இல்லை என்று எழுதினால் போதும். பார்க்க அழகான ஏற்பாடு. ஆனால் விதி பாதையோடு ஒட்டியிருக்கிறதே தவிர உள்ளடக்கத்தோடு ஒட்டவில்லை. ட்ரங்கின் கீழ் உள்ள ஒரு ரகசியக் கோப்புறையைப் பொதுப் பயனர்களுக்கு மறைத்து வைத்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம். முழு உரிமை உள்ள ஒருவர் வழக்கம்போல ட்ரங்கை நகலெடுத்து ஒரு புதிய கிளையை உருவாக்குகிறார். இப்போது அந்த ரகசியக் கோப்புறை பிராஞ்சஸின் கீழ் வேறொரு பாதையில் இருக்கிறது. அந்தப் பாதைக்கு எந்த விதியும் இல்லை. எல்லோருக்கும் தெரியும். வெகுகாலம் இந்த ஓட்டை அப்படியே இருந்தது. 1.10 பதிப்பில்தான் ஆத்ஸ் கோப்பில் வைல்டுகார்டு எழுத வழி வந்தது. சோதனை ஒவ்வொரு பாதைக்கும் நடப்பதால் பெரிய ரெப்போவில் வேகமும் குறையும். சப்வெர்ஷன் கையேட்டை எழுதியவர்களே, இத்தனை நுணுக்கமான கட்டுப்பாடு உண்மையில் தேவையா என்று வாசகரைக் கேட்டுவிட்டுத்தான் அதை விளக்கத் தொடங்குகிறார்கள். கேள்வி இன்றும் பொருந்துகிறது.

எழுத்து அனுமதியில் கிட் உறுதியாக நிற்கிறது. புஷ் வந்ததும் சர்வர் சில ஹூக்குகளை இயக்கும். ப்ரீ-ரிசீவ் ஹூக் புஷ் முழுமைக்கும் ஒருமுறை ஓடும். அது மறுத்தால் மொத்தமும் நிராகரிக்கப்படும். அப்டேட் ஹூக் மாறப்போகும் ஒவ்வொரு ரெஃப்புக்கும் தனித்தனியாக ஓடும். மறுக்கப்பட்டது மட்டும் நிற்கும், மற்றவை உள்ளே போகும். அப்டேட் ஹூக்குக்குக் கிடைப்பவை மூன்றே தகவல்கள்: ரெஃப்பின் பெயர், பழைய எண், புதிய எண். இந்த மூன்றை வைத்தே நான்கு செயல்களையும் பிரித்தறியலாம். பழைய எண் நாற்பது பூஜ்யங்களாக இருந்தால் புதிய கிளை உருவாகிறது. புதிய எண் நாற்பது பூஜ்யங்களாக இருந்தால் கிளை அழிக்கப்படுகிறது. பழைய கமிட் புதிய கமிட்டின் முன்னோர்களில் ஒன்றாக இருந்தால் அது இயல்பான முன்னேற்றம். இல்லையென்றால் வரலாறு திருத்தி எழுதப்படுகிறது; அதாவது ஃபோர்ஸ் புஷ். சந்தையில் உள்ள அனுமதி மென்பொருள்கள் பெரும்பாலும் இந்தச் சோதனைக்கு மேல் போர்த்திய திரைதான்.

இந்த நான்கையும் எழுத்து அனுமதி என்ற ஒரே சொல்லில் அடக்குவதில்தான் பல குழுக்கள் இடறுகின்றன. முன்னேற்றத்தை அனுமதிப்பதும் திருத்தி எழுதுவதை அனுமதிப்பதும் ஒன்றல்ல. 2013 நவம்பரில் ஜென்கின்ஸ் என்ற தானியங்கி பில்டு திட்டத்தின் கிட்ஹப் ரெப்போக்களில் 180க்கும் மேற்பட்டவற்றின் மேல் ஒரு டெவலப்பர் தவறுதலாக ஃபோர்ஸ் புஷ் செய்துவிட்டார். தீய நோக்கம் எதுவும் இல்லை. பழைய ஆப்ஜெக்டுகள் சர்வரில் உடனே அழிவதில்லை என்பதால் மீட்க முடிந்தது. ஆனால் எந்தக் கிளை எந்த எண்ணில் இருந்தது என்று தேடியெடுக்கும் வேலை மிஞ்சியது. அந்தத் திட்டத்தில் பங்களிப்பாளர்களுக்குப் பரந்த எழுத்து உரிமை கொடுத்திருந்தது கொள்கை முடிவு. அதைக் குறை சொல்வதற்கில்லை. திருத்தி எழுதும் உரிமையும் அதோடு சேர்ந்து போனதுதான் சிக்கல். சொந்த சர்வர் வைத்திருப்பவர்கள் ரிசீவ்.டினைநான்ஃபாஸ்ட்ஃபார்வர்ட்ஸ், ரிசீவ்.டினைடிலீட்ஸ் என்ற இரண்டு அமைப்புகளைப் போட்டாலே ரெப்போ முழுவதற்கும் இதைத் தடுத்துவிடலாம். தனிக் கிளைகளில் ரீபேஸ் செய்யும் பழக்கம் உள்ள குழுவுக்கு அது இடைஞ்சல். அங்கேதான் கிளைவாரியான விதி வேண்டும்.

கிளைவாரி விதியைத் தெளிவாக எழுதக் கற்றுக்கொள்ள கிடோலைட்டைப் போன்ற பள்ளிக்கூடம் இல்லை. இந்தியாவைச் சேர்ந்த சீதாராம் சாமர்த்தி எழுதிய இந்தச் சிறு மென்பொருளை, 2011இல் ஊடுருவலுக்கு ஆளான பிறகு லினக்ஸ் கெர்னல் மூலத்தை வைத்திருக்கும் கெர்னல்.ஆர்க் தளமே எடுத்துக்கொண்டது. சர்வரில் எல்லோரும் ஒரே யூனிக்ஸ் கணக்கில்தான் நுழைவார்கள். அவரவர் எஸ்எஸ்எச் சாவியின் வரியில், இந்தச் சாவி வந்தால் இன்ன பெயரோடு கிடோலைட்டை மட்டும் இயக்கு என்ற கட்டளை இருக்கும். ஷெல் கிடைக்காது. ஷெல் கிடைத்தால் அந்த 41 பைட்டை எடிட்டரிலேயே மாற்றிவிடலாம் என்பதால், இது சின்ன விஷயமில்லை. விதிகளும் ஒரு கிட் ரெப்போவில்தான் இருக்கும். யார் எந்த விதியை எப்போது மாற்றினார்கள் என்பது கமிட் வரலாற்றில் கிடைக்கும். வலைப்பக்கத்தில் சொடுக்கி மாற்றும் முறைகளோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு பெரிய வசதி என்பது, ஒரு வருடம் கழித்து இந்த விலக்கை யார் கொடுத்தது என்று தேடும்போது புரியும்.

கிடோலைட்டில் ஆர் என்றால் வாசிப்பு, ஆர்டபிள்யூ என்றால் முன்னேற்றம், அதோடு கூட்டல் குறி சேர்ந்தால் திருத்தி எழுதலும் அழித்தலும். கழித்தல் குறி மறுப்பு. வாசிப்புக்கு மட்டும் கிளைப் பெயரைக் கிடோலைட் பொருட்படுத்தாது. காரணம் மேலே சொன்னதே. இதில் இரண்டு பொறிகள் உண்டு. கிளைப் பெயர் ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன். தொடக்கத்தில் மட்டும் பொருந்தினால் போதும். மாஸ்டர் என்று எழுதிய விதி, மாஸ்டரில் தொடங்கும் வேறு நீளமான பெயர்களுக்கும் பொருந்தும். இறுதியில் $ போட வேண்டும். இரண்டாவது, உருவாக்கலுக்கும் அழித்தலுக்கும் தனி எழுத்துகள் உண்டு. அழித்தலுக்கான டி எழுத்தை ஒரு ரெப்போவின் ஏதாவது ஒரு விதியில் சேர்த்துவிட்டால், கூட்டல் குறி தந்துவந்த அழிக்கும் உரிமை அந்த ரெப்போவின் மற்ற விதிகளில் போய்விடும். ஒரு வரியைத் திருத்தினால் தொடாத வரிகளின் பொருள் மாறுகிறது. ஆவணத்தில் இது தெளிவாகவே எழுதியிருக்கிறது, படிப்பவர்கள்தான் குறைவு.

ஒரே கிளைக்கு இரண்டு விதிகள் பொருந்தினால் எது வெல்லும் என்ற கேள்விக்கு வருவோம். மற்ற எல்லாவற்றையும்விட நிர்வாகியின் கவனம் இங்கேதான் தேவை. ஏனென்றால், ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு பதில் சொல்கிறது. கிடோலைட் மேலிருந்து கீழாகப் படித்து, அனுமதிக்கவோ மறுக்கவோ செய்யும் முதல் விதியில் நின்றுவிடும். விளையாட்டு நிறுவனங்களில் அதிகம் புழங்கும் பெர்ஃபோர்ஸில் நேர் எதிர்: ஒரு மறுப்பு வரி தனக்கு மேலே உள்ள பொருந்தும் வரிகளைத்தான் ரத்து செய்யும். அதனால் பொதுவான விதியை மேலேயும் விலக்கைக் கீழேயும் எழுத வேண்டும். சப்வெர்ஷனில் வைல்டுகார்டு இல்லாதவரை வரிசை முக்கியமில்லை. பாதைக்கு மிக நெருக்கமான தலைப்பு வெல்லும். மெர்க்யூரியலின் ஏ.சி.எல். நீட்சி மறுப்புப் பட்டியலை முதலில் பார்த்துவிட்டுத்தான் அனுமதிப் பட்டியலுக்குப் போகும். ஜெரிட்டில் மேல்நிலைத் திட்டத்தில் பிளாக் என்று போட்டுவிட்டால், கீழே உள்ள திட்டத்தின் உரிமையாளர் அதைத் தளர்த்த முடியாது.

கிட்லேபில் இன்னொரு தர்க்கம். புஷ், மெர்ஜ் உரிமைகளில் ஒரு கிளைக்குப் பல விதிகள் பொருந்தினால், மிகத் தளர்வானதே செல்லும். மெயின் கிளைக்கு நேரடிப் புஷ் யாருக்கும் இல்லை என்று ஒரு விதி இருக்கிறது. வேறொரு நாள் வேறொருவர், எல்லாக் கிளைகளுக்கும் பொருந்தும் நட்சத்திரக் குறியில் டெவலப்பர்கள் புஷ் செய்யலாம் என்று இன்னொரு விதியைச் சேர்க்கிறார். மெயின் திறந்துவிட்டது. பட்டியலில் மெயினுக்கு எதிரே யாருமில்லை என்ற சொல் அப்படியேதான் நிற்கும். பார்ப்பவருக்கு ஐயமே வராது. கிட்ஹப்பில் 2015இல் வந்த பழைய பாதுகாப்பு விதிகளில், துல்லியமான பெயருள்ள விதி முதலில் செல்லும். வைல்டுகார்டு விதிகளுக்குள் முந்தி உருவாக்கப்பட்டது வெல்லும். 2023இல் வந்த ரூல்செட்களில் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மிக இறுக்கமானதே செல்லும். ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது விதிகளை வரிக்கு வரி பெயர்த்து வைக்கும் நிர்வாகி, பொருளைத் தலைகீழாக்கிவிடக்கூடும்.

வைல்டுகார்டிலும் ஒரு நுணுக்கம். கிட்ஹப்பில் ரிலீஸ்/* என்ற வடிவம் ரிலீஸ்/2.1 என்ற கிளையைப் பிடிக்கும், ரிலீஸ்/2.1/திருத்தம் என்று இன்னொரு சாய்கோடு வந்தால் பிடிக்காது. போகிற போக்கில் ஒன்று: ரிலீஸ் என்று மொட்டையாக ஒரு கிளையை யாராவது உருவாக்கிவிட்டால், வழக்கமான கிட் ரெப்போவில் அதற்குப் பிறகு ரிலீஸ்/2.1 உருவாக்கவே முடியாது. ஒரே பெயரில் கோப்பும் கோப்புறையும் இருக்க இயலாது. ஆகவே யார் என்ன பெயரில் கிளை உருவாக்கலாம் என்பதும் அனுமதியின் ஒரு பகுதியே.

இனி சுற்றுவழிகள். பிஎச்பி சம்பவத்தின் மீதிக் கதை இங்கே வருகிறது. அவர்களுடைய சர்வரில் கிடோலைட் இருந்தது. எஸ்எஸ்எச் வழியாக வந்த புஷ் எல்லாம் அதன் சோதனைக்கு உட்பட்டது. ஆனால் அதே ரெப்போக்களுக்கு எச்டிடிபிஎஸ் வழியாகக் கடவுச்சொல் கொடுத்துப் புஷ் செய்யும் இன்னொரு பாதையும் இருந்தது. அது கிடோலைட்டைத் தொடாமல் நேரே உள்ளே போனது. திட்டம் பின்னர் வெளியிட்ட விளக்கத்தில், தாக்குதல் அந்தப் பாதையில் வந்ததாகவும், பயனர் தரவுத்தளம் கசிந்திருக்கலாம் என்றும் கூறியது. விதிகளில் பிழை இல்லை. விதிகள் இல்லாத ஒரு வழி இருந்தது.

இன்றைய தளங்களில் அப்படிப்பட்ட வழிகள் வேறு உருவில் இருக்கின்றன. கிட்ஹப்பின் பழைய விதிகள் நிர்வாகிகளை இயல்பாகவே கட்டுப்படுத்தாது. விலக்கு வேண்டாம் என்று தனியாகக் குறிக்க வேண்டும். அவசரத்துக்குத் தேவைப்படும் என்று பல குழுக்கள் அந்தக் குறியைப் போடுவதில்லை. காலப்போக்கில் குழுவில் பாதிப்பேர் நிர்வாகிகளாக இருப்பார்கள். ரிவியூ ஒப்புதல் கட்டாயம் என்ற விதியிலும் இடைவெளி உண்டு. ஒருவர் திறந்த புல் ரிக்வஸ்ட்டின் கிளையில் இன்னொருவர் தன் கமிட்டைச் சேர்த்து, தானே ஒப்புதலும் கொடுத்து மெர்ஜ் செய்யலாம். திறந்தவர் வேறு ஆள் என்பதால் தளம் தடுக்காது. கடைசியாகப் புஷ் செய்தவரைத் தவிர வேறொருவர் ஒப்புதல் தர வேண்டும், புதிய கமிட் வந்தால் பழைய ஒப்புதல் காலாவதியாக வேண்டும் என்ற இரண்டையும் தனியாக இயக்கினால்தான் அது அடைபடும்.

மனிதர்களைவிட அதிக உரிமை பெற்றிருப்பவை பாட் கணக்குகள். வெர்ஷன் எண்ணை உயர்த்த, சேஞ்ச்லாக் எழுத என்று ஒவ்வொரு காரணத்துக்காகவும் ஒரு டோக்கனுக்கு மெயின் கிளையில் நேரடிப் புஷ் கொடுத்திருப்பார்கள். 2018இல் ஹோம்ப்ரூ என்ற மென்பொருள் நிறுவல் திட்டத்தின் ஜென்கின்ஸ் சர்வரில் வெளியே தெரிந்துகொண்டிருந்த ஒரு கிட்ஹப் டோக்கனைக் கொண்டு, பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர் அரை மணி நேரத்துக்குள் அதன் முக்கிய ரெப்போக்களில் கமிட் செய்யும் உரிமை தன் கைக்கு வந்ததைக் காட்டினார். அவர் நல்லெண்ணத்தோடு தெரிவித்ததால் தீங்கு நேரவில்லை.

தானியங்கி பில்டு இதைவிடப் பெரிய ஓட்டை. பில்டு எப்படி நடக்க வேண்டும் என்பதை எழுதிய கோப்பு அந்தந்தக் கிளைக்குள்ளேயே இருக்கிறது. மெயினைத் தொட உரிமையில்லாத ஒருவர், தன் சொந்தக் கிளையில் அந்தக் கோப்பைத் திருத்தி, புரொடக்‌ஷன் கடவுச்சொல்லை லாக்கில் அச்சிடச் சொல்லலாம். அல்லது நேரே டெப்ளாய் செய்யச் சொல்லலாம். மெயினின் பாதுகாப்பு அப்படியே இருக்க, அது காக்க வேண்டியது வெளியே போய்விடும். கிட்லேபில் ரகசிய மாறிகளைப் பாதுகாக்கப்பட்டவை என்று குறித்தால் பாதுகாக்கப்பட்ட கிளைகள், டேக்குகளின் பில்டுகளுக்கு மட்டுமே அவை கிடைக்கும். கிட்ஹப்பில் என்விரான்மென்ட் என்ற ஏற்பாட்டில், எந்தக் கிளையிலிருந்து வந்தால் ரகசியம் தரலாம் என்று வரையறுக்கலாம். இந்த இணைப்பைச் செய்யாமல் கிளை விதி எழுதுவது பாதி வேலைதான்.

டேக்குகளை மறப்பது பொதுவான பழக்கம். டேக்கும் ஒரு ரெஃப்தான், ரெஃப்ஸ்/டேக்ஸின் கீழ். அதையும் பெயர்த்து வேறு கமிட்டைச் சுட்டவைக்கலாம். கிளை விதி அதைத் தொடாது. 2025 மார்ச்சில், 23,000க்கும் மேற்பட்ட ரெப்போக்கள் பயன்படுத்திவந்த டிஜே-ஆக்‌ஷன்ஸ்/சேஞ்ச்டு-ஃபைல்ஸ் என்ற கிட்ஹப் ஆக்‌ஷனில் இதுதான் நடந்தது. தாக்கியவர்கள் அதன் வெர்ஷன் டேக்குகளை ஒரே ஒரு தீய கமிட்டுக்குத் திருப்பிவிட்டார்கள். பயன்படுத்தியவர்களின் பில்டு ரகசியங்கள் லாக்கில் வந்து விழுந்தன. ரிலீஸ் டேக்கிலிருந்து பில்டு எடுக்கும் குழு, டேக்கை ஒருமுறை உருவாக்கிய பின் நகர்த்தவோ அழிக்கவோ முடியாது என்று விதி போடாமல் இருக்கக் கூடாது.

விதிகளுக்கு எட்டாததும் உண்டு. 2024 மார்ச்சில் வெளிப்பட்ட, எக்ஸ்இசட் என்ற சுருக்க மென்பொருளின் பின்வாசலை வைத்தவர், பல ஆண்டுகள் உழைத்து நம்பிக்கை பெற்று, பராமரிப்பாளராகவே ஆனவர். அவருக்கு எல்லா உரிமையும் முறைப்படி இருந்தது. தீய நிரலை இயக்கிவைத்த பகுதி ரெப்போவிலேயே இல்லை. வெளியீட்டுக்காகக் கட்டிய டார் கோப்பில் மட்டும் இருந்தது. கிளை அனுமதியால் அதைத் தடுத்திருக்க முடியாது. அதைத் தடுக்கும் என்று மேலிடத்துக்கு வாக்குக் கொடுப்பதும் சரியல்ல.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால், பெரும்பாலான குழுக்களுக்குத் தேவையான விதிகள் கொஞ்சமே. மெயினிலும் ரிலீஸ் வரிசையிலும் நேரடிப் புஷ் யாருக்கும் வேண்டாம். ரிவியூ வழியாக மெர்ஜ் மட்டும். அந்தக் கிளைகளைத் திருத்தி எழுதுவதும் அழிப்பதும் நிர்வாகி உட்பட எவருக்கும் இல்லை. ரிலீஸ் பெயரில் கிளை உருவாக்குவது ரிலீஸ் பொறுப்பாளருக்கு மட்டும். டேக் நகராது. மற்ற கிளைகளில் அவரவர் விருப்பம். உரிமை ஆள் பெயரில் இல்லாமல் குழுப் பெயரில் இருந்தால், ஒருவர் விலகும்போது ஒரே இடத்தில் நீக்கினால் போதும். ஒவ்வொரு வசதிக்கும் ஒரு கிளை, ஒவ்வொரு கிளைக்கும் நான்கு பேரின் தனி அனுமதி என்று வளரும் பட்டியல்களை ஆறு மாதம் கழித்து எழுதியவராலேயே படிக்க முடியாது. அத்தனை நுணுக்கம் தேவைப்படுகிறது என்றால், பெரும்பாலும் அது ஒரே ரெப்போவில் இரண்டு திட்டங்கள் இருப்பதன் அறிகுறி. பிரித்துவிடுவதே மருந்து.

அவசர வழி ஒன்று வேண்டும் என்பது நியாயமே. நள்ளிரவில் புரொடக்‌ஷன் விழுந்தால் ரிவியூவுக்கு ஆளில்லாமல் போகலாம். அதற்கு நிரந்தர விலக்கு தேவையில்லை. இருவர் அறிய விதியைத் தளர்த்தி, வேலை முடிந்ததும் மீட்டு, தளத்தின் ஆடிட் லாக்கில் அது பதிவானதைச் சரிபார்த்தால் போதும். அதோடு, எந்தக் கிளையில் ரகசியச் சாவி தவறிப் புஷ் ஆனாலும், கிளையை அழித்தால் சரியாகிவிடும் என்று விடக் கூடாது. ஆப்ஜெக்ட் குவியலில் அது கிடக்கும். சாவியையே மாற்ற வேண்டும்.

விதி எழுதியதும் அமைப்புப் பக்கத்தைப் பார்த்துத் திருப்தியடைவது நிர்வாகிகளின் வழக்கம். பக்கம் காட்டுவது எழுதிய விதியை. சர்வர் செய்வது மோதல்களைத் தீர்த்த பின் மிஞ்சும் விதியை. ஆகவே சாதாரண டெவலப்பர் உரிமை மட்டும் உள்ள ஒரு சோதனைக் கணக்கிலிருந்து, மெயினை ஒத்த பாதுகாப்புள்ள ஒரு சோதனைக் கிளையில் ஐந்தையும் செய்துபார்க்க வேண்டும்: நேரடிப் புஷ், ஃபோர்ஸ் புஷ், கிளையை அழித்தல், ரிலீஸ் பெயரில் புதுக் கிளை உருவாக்கல், இருக்கும் டேக்கை நகர்த்தல். எஸ்எஸ்எச்சில் ஒருமுறை, எச்டிடிபிஎஸ்ஸில் ஒருமுறை, பாட் டோக்கனில் ஒருமுறை. விதி மாறும்போதெல்லாம், தளம் மாறும்போதெல்லாம் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். ஐந்தும் எல்லா வழிகளிலும் மறுக்கப்பட்ட பிறகே கிளை பாதுகாக்கப்பட்டிருக்கிறது என்று குழுவுக்கு எழுத்தில் அறிவிக்குமாறு பொறுப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறது இந்த மடல்.